மைனஸ் சொல்லாதவர்

அவருக்கு மைனஸ் என்று பெயர் வைத்தது ஒரு அறை நிறைய ஐஸ்கிரீம்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. குளிர்பதனக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தாவிடம், "மூணாம் ரூமைப் பதினெட்டுல வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இவர் வீட்டுக்குக் கிளம்பினார். குமாஸ்தா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மறுநாள் காலை மூன்றாம் அறைக் கதவுக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ வழிந்து வந்து இவருடைய பூட்ஸை நனைத்தது. ஸ்ட்ராபெரி.

"நீங்கதானே சார் பதினெட்டுன்னு சொன்னீங்க?" என்றார் குமாஸ்தா, அழாத குறையாக.

"பதினெட்டுன்னா நம்ம பதினெட்டுய்யா! ஐஸ்கிரீமை எவனாவது ப்ளஸ்ல வைப்பானா?"

குளிர் வேலையில் இருப்பவர்கள் யாரும் மைனஸ் சொல்வதில்லை. பட்டாணிக்கு இருபது, இறைச்சிக்குப் பதினெட்டு, புது லோடு வந்தால் இருபத்தைந்து, அவ்வளவுதான் பேச்சு. உள்ளே எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழே என்று ஆன பிறகு ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது, தன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முகவரி சொல்வது மாதிரி. அதை விசாரணையில் மேனேஜருக்கு விளக்கப் பார்த்தார். மேனேஜருக்கு விளங்கியதோ இல்லையோ, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு நன்றாக விளங்கிவிட்டது. அன்று மத்தியானமே, "மைனஸ் அண்ணே, டீ குடிக்க வர்றீங்களா?" என்று கூப்பிட்டார். வாயைத் திறந்து ஒரு நாளும் சொல்லாத வார்த்தை, அவருக்கே பெயராக நின்றுவிட்டது.

இருபத்தாறு வருடமாகக் குளிரறை மெக்கானிக். இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே என்று போகிற வாழ்க்கை. உள்ளே பேனா எழுதாது, மை உறைந்துவிடும் என்பதால் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவிவிட்டு வந்தாலும் இருக்கும். இடது கை மோதிர விரலின் நுனியில் உணர்ச்சி கிடையாது. "சூடான டம்ளரைப் பிடிக்க வசதி" என்று அதையும் ஒரு சௌகரியக் கணக்கில் சேர்த்துவிடுவார். உலகத்துக் கட்டடங்களை அவர் இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு கதவு உள்ளவை, இரண்டு கதவு உள்ளவை. நடுவில் ஒரு சின்ன அறை விட்டு இரண்டு கதவு போட்டிருந்தால் கட்டியவனுக்கு விஷயம் தெரியும். ஒரே கதவு என்றால், "இது ரூம் இல்ல, ஓட்டை" என்பார். கல்யாணத்துக்குப் போன மண்டபத்தில்கூடச் சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி வேலை பார்ப்பது நேர் எதிர்த் திசையில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில், இஸ்திரிப் பிரிவுக்கு மேற்பார்வை. ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்புகள் நீராவி உருளைக்குள் போய் வெளியே வருகிற இடம். அங்கே நின்றுவிட்டு வீடு திரும்புகிற அம்மாளுக்கு மின்விசிறி ஐந்தில் சுற்ற வேண்டும். குளிரறையில் நின்றுவிட்டு வருகிற ஐயாவுக்கு மின்விசிறி என்ற பொருளே கண்ணில் படக்கூடாது. இருபத்திரண்டு வருடத்துப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது இரண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இருவருக்கும் திருப்தி இல்லை என்பதால் அது நியாயமான ஒப்பந்தம்.

இந்த இருவருக்கும் பிறந்த ஒரே மகளுக்குத்தான் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. இரண்டுமே வெளி மாநிலம். ஒன்று பனி கொட்டும் ஊரில், இன்னொன்று மணல் பறக்கும் ஊரில். படிப்பு இரண்டிலும் ஒன்றே: புள்ளியியல்.

புள்ளியியலைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒரு கருத்தும் கிடையாது. ஆனால் குளிர், வெயில் என்று பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் பேராசிரியர்கள். எனவே ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது முழுக்க வானிலை அறிக்கைதான்.

குளிரிலேயே காலம் தள்ளியவர் குளிர் ஊருக்குத்தானே பரிந்து பேசுவார் என்று நினைத்தால் அது தப்பு.

"பதினெட்டுல போய் எம்பொண்ணு நிக்கணுமா? நான் நின்னது பத்தாதா?" என்பார் அவர். "மணல் ஊருக்கே போகட்டும். சூடுன்னா என்ன, உடம்பு வேர்க்கும், துடைச்சுக்கலாம். குளிர் அப்படியா? சத்தம் போடாம உள்ள வந்து உக்காந்துக்கும்."

"வேர்க்கும், துடைச்சுக்கலாமா? நீங்க ஒரு நாள் என் உருளை பக்கத்துல வந்து நின்னு துடைங்க, பாக்கலாம்," என்பார் மனைவி. "பனி ஊர்ல உள்ள ஹீட்டர் போட்டு வச்சிருப்பாங்க. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கலாம். வெயிலுக்கு எதைக் கழட்டுறது? தோலையா?"

"ஹீட்டர் போட்டா? கதவைத் திறக்காமலா இருப்பாங்க?"

"கதவு, கதவு! உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கதவையே கட்டியிருக்கலாம். வாயாவது மூடும்."

தான் பட்டதை மகள் படக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம். பட்டது வேறு வேறு என்பதுதான் சிக்கல்.

மகளுக்கு வேண்டியது பனி ஊர். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். வானிலை அறிக்கைக்கு நடுவே யார் காதிலும் விழவில்லை. சம்மதப் படிவத்தில் பாதுகாவலராகப் பதிவாகியிருந்தவர் அப்பா. அவர் கையெழுத்தோடு படிவம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி மகளுடைய போனைக் கையில் எடுத்துக்கொண்டார். மணல் ஊரை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

"கேட்டுக்கங்க. கோடையில நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு! எங்க கூடத்துலயே அவ்வளவு வந்தா மணி அடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க."

"அது கெடக்கட்டும். குளிர்காலம் எப்படி? அதைப் படி."

மனைவி விரலால் தள்ளிப் பார்த்தார். "குளிர்காலத்துல பதினெட்டு."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"பதினெட்டா? நல்லாப் பாத்தியா?"

"எனக்குக் கண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. பதினெட்டு."

"அந்த ஊர்லயா?"

"அந்த ஊர்லதான்."

அவர் கையைத் தட்டில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். பெரிய ரிப்பேர்களின்போது அப்படித்தான் பார்ப்பார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "இருக்கும். மணல் இருக்கே, அது பகல்ல வாங்குன சூட்டைப் பொழுது சாஞ்சதும் விட்டுடும். காத்துல ஈரம் கெடையாது. மேகம் கெடையாது. மூடி இல்லாத பாத்திரம் மாதிரி. எறங்க ஆரம்பிச்சா பதினெட்டு என்ன, இருபதுகூடப் போகும்."

இந்த இடத்தில்தான் மனைவிக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. மகள் வாயைத் திறந்தாள். மனைவி குழம்புக் கரண்டியை எடுத்து அவள் தட்டில் தேவையில்லாமல் ஊற்றினார். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ ரெண்டு ஊர்லயும் பதினெட்டு," என்று அவர் விரல் விட்டு எண்ணினார். "அங்க அதுக்கு மேல ஒரு நாப்பத்தஞ்சு வேற. ஒரே வருஷத்துல அறுபத்து மூணு டிகிரி ஏறி எறங்குனா இரும்பே விரிசல் விடும், இவ எம்மாத்திரம்? பனி ஊராவது ஒரே நிலையில நிக்கும். எங்க அந்தப் பேப்பர்?"

காதிலிருந்து பென்சிலை உருவி, எச்சில் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்துச் சண்டை முக்கால் நிமிடத்தில் முடிந்தது. பொய் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்ன எண் சரியான எண். வாங்கிக்கொண்ட காதுதான் வேறு.

மறுநாள் காலை சமையலறையில் மகள் ஆரம்பித்தாள். "அம்மா, அப்பா அதை மைனஸுன்னு நெனச்சுட்டாரு."

"நான் என்ன சொன்னேன்? பதினெட்டுன்னேன். பதினெட்டுதானே போட்டிருக்கு?"

"அவருக்குத் தெரியாதுல்ல."

"ஏண்டி, பனி ஊர் வேணும்னு சொன்னது நீயா, பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? போய்க் குளி."

ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. அன்று மாலை மனைவி தானாகவே மின்விசிறியை ஒன்றுக்குக் குறைத்தார். வெள்ளிக்கிழமை நிறுத்தியே விட்டார். நெற்றியில் வேர்வை வழிய வழிய எதிரில் உட்கார்ந்திருந்த மனைவியை அவர் கவலையோடு பார்த்தார்.

"உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல. நீங்க குளிர்ல நின்னுட்டு வர்றீங்கல்ல."

"இருபத்திரண்டு வருஷமா வர்றேன்," என்றார் அவர், ஒன்றும் விளங்காமல்.

மகள் போனில் படமெடுத்து அனுப்பியிருந்த படிவத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு பனி ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. கையெழுத்து பென்சிலில் இருக்கிறது, ஏற்க இயலாது, மையில் போட்டு மீண்டும் அனுப்பவும். காலக்கெடு அதே ஐந்து மணி. மகள் அதைப் பார்த்தபோது அவர் தூங்கப் போயிருந்தார். சனிக்கிழமை அவருக்குக் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஷிப்ட். அவள் படிவத்தைப் புதிதாக அச்செடுத்து, தரமான பேனா ஒன்றையும் எடுத்துக்கொண்டு மத்தியானப் பேருந்தில் கிடங்குக்குப் போனாள். வழி நெடுக மனசுக்குள் இரண்டு கட்சி. ஒரு கையெழுத்துத்தானே, ஏற்கெனவே போட்டதுதானே, மறுபடி போட்டால் முடிந்தது என்றது ஒன்று. அப்புறம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு மணலைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. தப்பான எண்ணுக்கு அவ்வளவு பொருத்தமாகக் காரணம் சொன்னார். அதுதான் இரண்டாவது கட்சி.

கிடங்கு வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா, ஜூனியர் மைனஸ்! அப்பா மூணாம் ரூம்ல ஃபேனோட சண்டை போட்டுக்கிட்டிருக்காரு. இந்தா, இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுப் போ. ஜிப்பு மேல வராது, கையால பிடிச்சுக்க."

முன்னறையைத் தாண்டி, பெரிய கதவைத் தள்ளி, கனத்த பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவே ஏணியில் நின்றிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"என்னடா இங்க? வீட்டுல ஏதாவது...?"

"ஒண்ணுமில்லப்பா. பென்சில்ல போட்டது செல்லாதாம். பேனாவுல கேக்குறாங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"படிச்சவங்களே இப்படித்தான். பேனா இங்க எழுதாதும்மா."

"இது நல்ல பேனாப்பா."

"எந்தப் பேனாவா இருந்தா என்ன? பாரு." ஏணியிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றிவிட்டு, பெட்டி ஒன்றின் மேல் படிவத்தை வைத்துப் பேனாவை இழுத்தார். விரல் நீளத்தில் பாதிக்கு ஒரு கோடு விழுந்தது. அதோடு மை நின்றது. "பாத்தியா?"

படிவத்தில், கையெழுத்துக்கான இடத்தின் முதல் ஓரத்தில், அந்தக் கோடு தனியாகக் கிடந்தது. மகள் அதையே பார்த்தாள்.

"அப்பா, மணல் ஊர்ல பதினெட்டுன்னு அம்மா சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"அது நம்ம பதினெட்டு இல்லப்பா. வெளியாளுங்க பதினெட்டு. ப்ளஸ்."

அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தை ஒலித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மேலே மின்விசிறி விட்டு விட்டு உறுமியது. அவர் பேனாவை மூடினார். "வெளிய வா," என்றார்.

முன்னறையில் மரப் பெஞ்சு ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மணி மூன்று நாற்பது.

"ப்ளஸ் பதினெட்டுன்னா, அது சொர்க்கம்லடா."

"ஆமாம்ப்பா."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"அன்னைக்கே."

"அந்த ஃபேனை நிறுத்துனது இதுக்குத்தானா?" அவர் போனை எடுத்தார். சலவைக் கூடத்தின் இரைச்சலுக்கு மேலே மனைவியின் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"ஏம்மா, பதினெட்டுன்னியே, ப்ளஸ்ஸுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு தடவையாவது மைனஸ் சொல்லியிருக்கீங்களா? நான் மட்டும் எதுக்கு ப்ளஸ் சொல்லணும்?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே ஒரு நிமிடம் பார்த்தார். கதவருகே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தேநீரைத் துப்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள போய் உன் வண்டியைப் பாருய்யா," என்று அவரை விரட்டிவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன செய்யணுங்கிற? நீ சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு வெளிய வந்து போட்டுக் குடுத்திருப்பேன்."

"தெரியும்."

"அப்படியென்ன அந்தப் பனி ஊர்ல?"

ஒரு மாதத்தில் முதன்முறையாக அந்தக் கேள்வி வந்தது. மகள் போனில் ஒரு படத்தைத் திறந்து நீட்டினாள். தாளில் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிய கணக்கு. நாலு பக்கம். "ரெண்டு யுனிவர்சிட்டிக்கும் ஒரு கணக்கு போட்டு அனுப்பிக் கேட்டேன்ப்பா. மணல் ஊர்லேர்ந்து, உங்கள் மடல் கிடைத்ததுன்னு மிஷின் பதில் போட்டுச்சு. பனி ஊர்லேர்ந்து ஒரு லெக்சரர் என் கணக்கு எந்த வரியில தப்பாச்சுன்னு நாலு பக்கம் எழுதியிருக்காங்க."

"தப்புன்னு சொன்னதுக்கா அங்க போகணுங்கிற?"

"ஆமா."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். புரியவில்லை, புரிகிற மாதிரியும் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. "பென்சில்ல எழுதியிருக்காங்க."

"ஆமாம்ப்பா."

"ம்."

அவர் உணர்ச்சியில்லாத விரலை மற்ற விரல்களால் அழுத்திக்கொண்டிருந்தார். மணி நாலு அடிக்கப் போகிறது. மகள் மணியைப் பார்க்காமல் இருக்கத் தன் செருப்பைப் பார்த்தாள்.

"ஹாஸ்டலுக்கு எத்தனை கதவு?" என்றார் திடீரென்று.

"ரெண்டு."

"ரெண்டா? நடுவுல?"

"நடுவுல சின்ன ரூம். வெளிக்கதவு மூடினாத்தான் உள்கதவு திறக்குமாம். நீங்க கேப்பீங்கன்னு தெரியும். போன வாரமே எழுதிக் கேட்டு வாங்கிட்டேன்."

அவர் மகளை ஒரு புது மெஷினைப் பார்ப்பது போல ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, பொறுமையாக உருட்டிச் சூடாக்கினார். உள்ளே விழுந்த அந்தக் கோட்டையே தொடக்கமாக வைத்து, அதன் மேலேயே தன் பெயரை எழுதினார். முழுப்பெயர். அது இருக்கிறது என்பதே கிடங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"அனுப்பு. அனுப்பிட்டு வெளியவே நில்லு, ஷிப்ட் முடிஞ்சு வர்றேன். கடைக்குப் போகணும்."

நாலே கால் மணிக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது.

மாலையில் துணிக்கடை மாடியில் குளிராடைப் பிரிவுக்கு இருவரும் ஏறினார்கள். விற்பனையாளர் அளவெடுக்கிற கண்ணோடு மகளைப் பார்த்துவிட்டு, "எந்த அளவு குளிருக்கு வேணும் சார்?" என்றார்.

"பதினெட்டு."

விற்பனையாளர் மடிப்புக் கலையாத மெல்லிய பருத்தி மேல்சட்டை ஒன்றை எடுத்து விரித்தார். பூப்போட்டது. "இது போதும் சார். சாயங்காலம் வாக்கிங் போக ஏத்த மாதிரி இருக்கும்."

மகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். உதவி செய்வதாக இல்லை. அவர் தொண்டையைச் செருமினார். இடம் வலம் பார்த்தார், தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று.

"மைனஸ்," என்றார்.

"சார்?"

"மைனஸ் பதினெட்டு!"

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று விற்பனையாளர் உள்ளே போய், மெத்தை கனத்துக்கு ஏழெட்டுக் கோட்டுகளைத் தூக்கி வந்து மேஜையில் போட்டார். அவர் முதல் கோட்டை எடுத்தார். துணியைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார், மேலே இழுத்தார். "ஜிப்புதான் முதல்ல போகும்," என்று அடுத்ததை எடுத்தார். மூன்றாவது கோட்டில் விற்பனையாளர் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவதில் மகளுடைய போன் அடித்தது. அம்மா.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சும்மா."

"அவர் என்ன சொன்னாரு?"

"மைனஸ் சொன்னாரு."

"பொய் சொல்லாத," என்றார் அம்மா. "சரி, சீக்கிரம் வாங்க. நான் ஃபேனை அஞ்சுல வச்சாச்சு."